நடுநிலையான கிட்டார்

உலகத்தில் எத்தனையோ பேர் கிட்டார் வாங்கியிருக்கிறார்கள். வாசிப்பவர் கையில் கொடுத்து, வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டு வாங்கிய சாதாரண மனிதர்கள் அவர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கூடக் கிட்டே விடாமல், அப்பழுக்கற்ற நடுநிலையோடு ஒரு கிட்டாரைத் தேர்ந்தெடுத்த பெருமை எங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அந்தத் தேர்வுக் குழுவில், நலப்பிரிவின் துணை அலுவலர் என்ற முறையில் அடியேனும் இருந்தேன்.

விஷயம் ஒரு காதில் தொடங்கியது.

எங்கள் புகார்ப் பிரிவில் ஒரு பெண்மணி வேலை பார்த்தார். நகரத்தில் எந்தக் கட்டடத்து லிஃப்டில் யார் மாட்டிக்கொண்டு அலறினாலும் அவர்தான் போனை எடுப்பார். "பயப்படாதீங்க. மூச்சை மெதுவா இழுங்க... இப்ப விடுங்க... ஆள் வந்துட்டே இருக்காரு" என்று மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பார். அதனால் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் வந்துவிட்டது. அவரைவிட வயதில் மூத்த பொது மேலாளரே அப்படித்தான் கூப்பிடுவார். வருடக்கணக்காக அலறல்களை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு, மூச்சக்காவின் வலது காதில் ஓயாத ரீங்காரம் புகுந்துகொண்டது. காதுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுக்காவிட்டால் கேட்கும் திறனே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார்.

அவர் மேலாளரின் அறைக்கு வந்து கேட்டது சின்ன விஷயம்தான்.

"சார், நடுவுல நடுவுல கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழட்டி வைக்க விடுங்க. அந்த நேரத்துக்கு இன்னொரு ஆள் உக்காந்தா போதும்."

மேலாளர் உருகிப் போனார். இன்னொரு ஆள் என்ற சொல்லைக் கேட்டால் அவர் எப்போதுமே உருகிப் போவார்.

"ஏம்மா, உனக்கு வேண்டியது ஓய்வு இல்ல. 'உள்ள நிறைவு'. உனக்குப் பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?"

"வீட்ல கிட்டார் வாசிப்பேன் சார். காது நோகாத நாள்ல."

"அப்புறமென்ன? பிரச்சினை தீர்ந்தது!"

பிரச்சினை தீர்ந்த விதத்தைச் சுற்றறிக்கை விளக்கியது. 'ஊழியர் உள்ளநலப் பெருந்திட்ட'த்தின் கீழ் அலுவலகத்துக்கு ஒரு கிட்டார் வாங்கப்படும். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார்; அதில் கட்டாயம் பிக்கப் இருக்க வேண்டும். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஒயர் வழியாக வெளியே அனுப்பும் சின்னக் கருவி. சாப்பாட்டு அறையில் ஒருவர் வாசிப்பதற்கு ஒயர் எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன். "எதிர்காலத்துக்குய்யா" என்றார். எதிர்காலத்தோடு மல்லுக்கு நிற்க எனக்கென்ன பைத்தியமா?

குழுவில் மேலாளர் தலைவர். பாதுகாப்பு அதிகாரியும், அண்மையில் உருவாக்கப்பட்ட பதவியான 'மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவல'ரும், நானும் உறுப்பினர்கள். முதல் கூட்டத்தில் மூச்சக்காவையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மகிழ்ச்சி அலுவலர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"எப்படி சார்? அவங்கதானே வாசிக்கப் போறாங்க? தனக்கு எது வசதியோ அதைத்தானே சொல்லுவாங்க!"

"அப்ப கிட்டார் தெரிஞ்ச வெளியாள் யாராவது?"

"தெரிஞ்சவங்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கும் சார். நமக்குத்தான் ஒண்ணுமே தெரியாது. நம்மதான் நடுநிலை."

அறையில் இருந்த எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றோம். ஒன்றும் தெரியாதது ஒரு தகுதி என்று அதுவரை எங்கள் பதவி உயர்வுகளில் மட்டுமே கண்டிருந்தேன்.

கடைக்குப் போனோம். சுவர் முழுக்கக் கிட்டார்கள் கழுத்தில் மாட்டித் தொங்கின. கடைக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வாசிக்கப் போறது யாரு சார்? அவங்க கை எப்படி, விரல் எப்படின்னு தெரிஞ்சா..."

"அதெல்லாம் சொல்லக் கூடாது" என்று மேலாளர் வெட்டினார்.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி லிஃப்டைத் தாங்கும் ஸ்டீல் கயிறுகளோடு வாழ்க்கையைக் கழித்தவர். ஸ்டீல் என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு விதிமுறைதான் ஞாபகம் வரும். கிட்டாரின் ஆறு கம்பிகளையும் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு பாரம் தாங்கும்?"

"பாரமா? இது பாட்டுக்கு சார்."

"இருக்கட்டும். ஒரு கம்பி அறுந்தா மிச்சம் அஞ்சும் தாங்குமா?"

கடைக்காரர் பணிவாகச் சொன்னார். "பாட்டு விழும் சார். ஆள் விழ மாட்டாங்க."

அதிகாரிக்கு அரை மனது. ஸ்டீல் கம்பியைத் தொடுபவர் கையுறை போட வேண்டும் என்ற விதியையாவது கடைப்பிடிப்போம் என்று தன் பையிலிருந்து தடித்த தோல் கையுறைகளை எடுத்து விநியோகித்தார். பிறகு அறிவியல் முறைப்படி சோதனை நடந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிட்டாரிலும் ஒரே கம்பியை, ஒரே தடவை, கையுறையோடு சுண்டினோம். வந்த ஓசைக்கு மதிப்பெண் போட்டோம். எல்லாக் கிட்டார்களும் 'டொப்' என்றன. போட்டி கடுமையாக இருந்தது.

பொறுக்க முடியாத கடைக்காரர் பழுப்பு நிறத்தில் அடக்கமான ஒன்றை இறக்கி, தானே மெல்ல மீட்டிக் காட்டினார். அந்த ஓசை கடையைத் தாண்டி வாசல் வரை போய் வந்தது. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. குழு உறுப்பினருக்கு அது அழகல்ல என்பதால் இருமிச் சமாளித்தேன்.

"மேல் பலகை ஒரே முழு மரம் சார். பிக்கப்பும் உள்ளேயே இருக்கு. வாசிக்க வாசிக்க இன்னும் குரல் திறக்கும்."

"அப்ப இன்னும் திறக்கலையா?" என்று மேலாளர் மடக்கினார். "வேலை முடியாத சரக்கை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?"

அது தள்ளுபடி ஆனது. வென்றது நீலமான ஒன்று. பளபளவென்று ஒட்டுப்பலகை, தோளில் சுருதி சரிபார்க்கும் பச்சை விளக்குப் பெட்டி. அதில் கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து எக்கச்சக்க உயரத்தில் நின்றன. அழுத்தினால் விரல் கிழியும் என்று கடைக்காரரே எச்சரித்தார். பாதுகாப்பு அதிகாரி அந்த இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்துப் பூரித்தார். "கம்பி எங்கேயும் உரசாது. இதுதான் பாதுகாப்பான தூரம்."

நீலக் கிட்டார் சாப்பாட்டு அறைக்கு வந்தது. மூச்சக்கா அதை மடியில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"சார், கம்பி ரொம்ப உயரமா நிக்குது. விரல் வெட்டுது."

"கிட்டாரோட கையுறையும் தந்தாங்களேம்மா?" என்றார் மேலாளர்.

மூச்சக்கா என்னைப் பார்த்தார். நான் விளக்கின் பச்சை நிறத்தைப் பாராட்டினேன்.

இருந்தும் வாசித்தார். தகர டப்பா போன்ற அந்தக் கட்டையிலிருந்து எப்படித்தான் பிடுங்கினாரோ, ஒரு மெட்டு வந்தது. பயந்தவர்களோடு பேசும் அதே குரல் அதில் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேலாளர் மட்டும் எழுந்து, கிட்டாரின் அடியில் ஒயரைச் செருகி, மறுமுனையை ஒரு பதிவுப் பெட்டியில் மாட்டினார்.

"இன்னொரு தரம் வாசிம்மா. முடிக்கற மாதிரி இருக்கக் கூடாது. போய்க்கிட்டே இருக்கணும்."

எதிர்காலம் வந்துவிட்டது. மறு வாரம் முதல் புகார் எண்ணுக்கு அழைப்பவர்கள் ஆள் கிடைக்கும்வரை அந்த மெட்டைக் கேட்டார்கள். அடுத்து, ஆள் கிடைக்காமலேயே கேட்டார்கள். கேட்டுச் சலித்துப் போனை வைத்தவர்களை எல்லாம் 'நிறைவடைந்த வாடிக்கையாளர்' என்று கணக்கெடுத்தபோது புகார்கள் மளமளவென்று குறைந்தன. புகார் இல்லாத ஊரில் புகார்ப் பிரிவு எதற்கு? கலைக்கப்பட்டது.

மூச்சக்காவின் வழியனுப்பு விழாவில் மேலாளர் நெகிழ்ந்து பேசினார். "நீ கேட்டது கொஞ்ச நேரம் ஓய்வு. நிர்வாகம் முழு நேரமும் குடுத்திருக்கு." பூங்கொத்தை நான்தான் கொடுத்தேன். அவர் விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பூங்கொத்தை வாங்கியவர் நன்றி சொல்லவில்லை. பெரிய மனிதர்களின் முன்னால் சிலருக்கு நா எழுவதில்லை.

இந்தச் சாதனைக்காக எங்களுக்குப் பட்டயம் தர முடிவாயிற்று. விழா எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில். குழு உறுப்பினர் நால்வரும் கோட்டு சூட்டோடு லிஃப்டில் ஏறினோம். நாங்களே பராமரிக்கும் லிஃப்ட். அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு உதறு உதறி நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறியும் போயிற்று.

மேலாளர் சிரித்தபடி புகார் எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மெட்டு வந்தது.

"என்ன தெளிவு பாருங்க சார்!" என்றார் மகிழ்ச்சி அலுவலர்.

மெட்டு முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மேலாளரின் சிரிப்பு நின்றது. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். மூச்சு இரைத்தது. பாதுகாப்பு அதிகாரி கதவைக் குத்தினார். நான் மேலாளரின் போனை வாங்கி அணைத்தேன். வேறு வழியில்லாமல் மூச்சக்காவின் வீட்டு எண்ணை என் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எத்தனை பேர் இருக்கீங்க சார்?"

"நாலு பேரும்மா."

"யாருக்காவது நெஞ்சு வலி, ஆஸ்துமா?"

"இல்லம்மா. மேலாளர் சாருக்குப் பயம் மட்டும்தான்."

"எல்லாரும் தரையில உக்காருங்க. கதவைக் குத்தாதீங்க. மெக்கானிக் நம்பர் எங்கிட்ட இருக்கு, பக்கத்து வீட்டுப் போன்ல சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு வந்தார். மேலாளர் என் கையோடு சேர்த்துப் போனைத் தன் வாய்க்கு இழுத்தார்.

"மூச்சக்கா, வச்சிடாதம்மா. அவங்க வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரும்மா."

"முடியாது சார். என் காது ஓய்வுல இருக்கு."

போனை எங்கேயோ வைக்கும் ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து, ஒயரில்லாத ஒரு பழைய கிட்டார் மெதுவாக ஒலிக்கத் தொடங்கியது. எங்களுக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை. இதற்கு முன் கேட்காத மெட்டு. அந்த இருட்டில் நாலு பேரும் தரையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலேயே, மூச்சை மெதுவாக இழுத்து விட்டோம். மேலாளர் தாரைதாரையாக அழுதார்.

அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "யோவ், இதையும் ரெக்கார்ட் பண்ணிடுய்யா."

நான் ஏற்கெனவே பொத்தானை அழுத்தியிருந்தேன்.