தலை எண்ண வந்த கொண்டலாத்தியும் சங்தரா வட்டமும்

ஒரு காட்டில், காடு என்றதும் அடர்ந்த மரங்களைத் தேட வேண்டாம், அங்கே இருந்தவை நாற்பது பிஸ்தா மரங்களும் மீதி முழுக்கக் கல்லும்தான், பாரசீகம் பேசும் மிருகங்கள் வாழ்ந்து வந்தன. அந்தப் பள்ளத்தாக்குக்குச் சங்தரா என்று பெயர்.

அதன் வரலாறு சுருக்கமானது. ஒரு ராஜா அதைக் கிழக்கு வட்டத்தோடு சேர்த்தார். அடுத்த ராஜா மேற்கு வட்டத்தோடு சேர்த்தார். மூன்றாவது ராஜா எதனோடும் சேர்க்க மறந்துபோனார். அந்தப் பதினெட்டு வருஷத்தைத்தான் சங்தராக்காரர்கள் பொற்காலம் என்பார்கள். பிறகு ராஜாக்கள் போய் அலுவலகங்கள் வந்தன. சங்தரா கீழ்நகர வட்டத்தில் போய் விழுந்தது. கீழ்நகரம் இரண்டு மலை தள்ளி இருந்தது. அதன் அலுவலக வாசலில் நிற்கும் வரிசையின் வால் பிடிக்க மூன்றாவது மலைக்குப் போக வேண்டும்.

சங்தராவில் தஹ்மாஸ்ப் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. முப்பது வருஷமாக அதற்கு ஒரே கோரிக்கை: "சங்தராவைத் தனி வட்டமாக்கு!" இதற்காக அது எழுதிய துண்டறிக்கைகளுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் தன் முள்ளைப் பிடுங்கித்தான் எழுதியது. அதனால் முதுகின் இடப்பக்கம் முழுக்க வழுக்கை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் தஹ்மாஸ்ப் சொல்லும்: "சிரியுங்கள். உங்கள் முதுகில் உதிர்ந்ததெல்லாம் சொறியால். என் முதுகில் உதிர்ந்தது கொள்கையால்."

அந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. மலையடியிலிருந்து நிலத்துக்குள்ளேயே தண்ணீரைக் கொண்டுவரும் சுரங்கம் ஒன்று அங்கே உண்டு. கனாத் என்று சொல்வார்கள். அது நடுவில் இடிந்து அடைத்துக்கொண்டது. ஒரு நாள் வேலைதான். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் மண்ணில் கை வைத்தால் சுரங்கத்தையே சீல் வைத்துவிடுவார்கள். சீட்டு வாங்கக் கீழ்நகரம் போன கழுதை இஸ்கந்தர், படிவம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, வெள்ளையில் வாங்கி வா என்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாம் முறை, வரிசையில் நின்று நின்றே வெள்ளைப் படிவம் பழுப்பாகிவிட்டதென்று வந்து சேர்ந்தது. பிஸ்தா இலைகள் சுருளத் தொடங்கிவிட்டன. கோடைக்குள் தண்ணீர் வராவிட்டால் மரமும் போகும், ஊரும் போகும்.

அப்போதுதான் தலைநகரத்திலிருந்து அறிவிப்பு வந்தது. முன்னூறு தலை இருக்கும் இடமெல்லாம் தனி வட்டமாகும். உள்ளூரிலேயே அலுவலகம், உள்ளூரிலேயே அனுமதி.

தஹ்மாஸ்ப் குதித்தது. சங்தராவில் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டு தலை! வீடு வீடாக ஓடிச் சொல்லியது: "வியாழக்கிழமை தலை எண்ண அதிகாரி வருகிறார். எத்தனை பேர் என்று கேட்பார். எத்தனையோ அத்தனையைச் சொல்லுங்கள். வேறு எதுவும் பேசாதீர்கள்."

"அவ்வளவுதானே," என்றன எல்லாம்.

அவ்வளவுதான் இல்லை. சங்தராவில் ஒரு மரியாதை உண்டு. வந்தவர் எதைக் கேட்டாலும் முதலில் தன்னைத் தாழ்த்தித்தான் பதில் சொல்ல வேண்டும். வந்தவர் விடாமல் கேட்க வேண்டும். மீண்டும் தாழ்த்த வேண்டும். நான்காம் முறை கேட்கும்போதுதான் உண்மையைச் சொல்லலாம். முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னவரை வளர்த்தவர்கள் சரியில்லை என்று அர்த்தம்.

வியாழக்கிழமை வந்தது ஒரு கொண்டலாத்திப் பறவை. பெயர் சுஹைல். கொண்டையைப் படிய வாரி, கழுத்தில் அடையாள அட்டை, இறக்கைக்கடியில் தொடுதிரைக் கருவி. வீட்டுக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிஷம்; அதற்கு மேல் நின்றால் கருவி கூச்சல் போடும்.

முதல் வீடு குல்னார் கானும், அதாவது குல்னார் அம்மாள், என்ற ஆட்டினுடையது. அவள் வீட்டில் பதினான்கு பேர்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்றது சுஹைல்.

குல்னார் தலையைத் தரைவரை தாழ்த்தினாள். "நாங்களெல்லாம் ஓர் ஆளா, ஜனாப்? உங்கள் காலடித் தூசி."

சுஹைல் கருவியில் பூஜ்யம் என்று தட்டியது.

"கானும்!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து கத்தியது தஹ்மாஸ்ப். "பதினான்கு என்று சொல்லுங்கள்!"

"சும்மா இருங்கள் ஜனாப்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் குல்னார். "வந்தவர் இன்னும் இரண்டாம் முறைகூடக் கேட்கவில்லை. அதற்குள் என் பிள்ளைகளை எண்ணிக் காட்ட நான் என்ன சந்தையிலா நிற்கிறேன்?"

"அவர் கேட்க மாட்டார்! அவருக்கு ஒரு நிமிஷம்தான்!"

"அப்படியானால் அவரை வளர்த்தவர்கள் சரியில்லை. அதற்காக நாமும் கெட வேண்டுமா?" என்றவள் சுஹைலைப் பார்த்துக் குழைந்தாள். "வீடு உங்களுடையது, ஜனாப்."

"வீட்டு உரிமையாளர், சுஹைல்," என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டியது அது.

அடுத்தது கழுதை இஸ்கந்தர். பதினொரு பேர் கொண்ட குடும்பம். "எத்தனை பேர்?" என்றதும் இஸ்கந்தர் நெஞ்சில் குளம்பை வைத்தது. "உங்கள் முன்னால் நாங்கள் எங்கே இருக்கிறோம்?"

"எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை," என்று தட்டியது சுஹைல். பூஜ்யம்.

"வீடு உங்களுடையது. குழந்தைகளும் உங்களுடையவர்கள்தான்."

சுஹைல் ஒரு கணம் யோசித்தது. அதற்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனால் கருவி கூவத் தொடங்கியதால் அதையும் தட்டிவிட்டது.

ஓநாய் வீடு: "எங்களை எண்ணி உங்கள் விரலை வீணாக்காதீர்கள்." பூஜ்யம். முயல் வீட்டில் அறுபத்து மூன்று பேர் வாசலில் நிரம்பி வழிந்துகொண்டே ஒரே குரலில், "இங்கே யாருமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜனாப்." வைத்துக்கொண்டது. கௌதாரி தன் வீட்டை எண்ணாமல் பக்கத்து வீட்டை முதலில் எண்ணச் சொன்னது. பக்கத்து வீட்டு உடும்பு கௌதாரியை முதலில் எண்ணச் சொன்னது. நடுவில் நின்ற சுஹைலுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. எல்லா வாசலிலும் பூஜ்யத்தோடு "வீடு உங்களுடையது" என்பதும் தவறாமல் கிடைத்தது.

தஹ்மாஸ்ப் ஒவ்வொரு வேலியாகத் தாவி ஓடியது. "முட்டாள்களே! உங்கள் பணிவால் சாகப்போகிறீர்கள்!" என்று கத்தியது. எல்லாம் அதைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டின. நல்ல குடும்பம்தான், புத்தகம் படித்துக் கெட்டுவிட்டது.

கடைசி வீடு தஹ்மாஸ்ப்புடையது. சுஹைல் வாய் திறப்பதற்குள் அது நெஞ்சை நிமிர்த்தியது. இருக்கிற பாதி முள்ளும் சிலிர்த்து நின்றது.

"ஒன்று! நான்! தஹ்மாஸ்ப்! வீடு என்னுடையது!"

பள்ளத்தாக்கே வெட்கித் தலைகுனிந்தது. குல்னார் குட்டிகளின் காதைப் பொத்தினாள்.

அறிக்கை தலைநகரத்துக்குப் போனது. சங்தரா: மக்கள் தொகை ஒன்று. தஹ்மாஸ்ப் அன்றிரவு அழுதது. முப்பது வருஷம், பாதி முதுகு, எல்லாம் போச்சு.

ஆனால் தலைநகரத்தில் அந்த அறிக்கையைப் படித்த பெரிய அதிகாரிகள் புல்லரித்துப் போனார்கள். முப்பத்தாறு வீடு, ஒரே ஒரு குடிமகன்! ஆட்சி செய்ய இதைவிட வசதியான இடம் நாட்டிலேயே இல்லை. முன்னூறு தலை வேண்டுமென்ற விதி தொல்லை தரும் ஊர்களுக்கு மட்டும்தான் என்று ஓர் ஓரக்குறிப்பைச் சேர்த்தார்கள். சங்தரா முன்மாதிரி வட்டமாக அறிவிக்கப்பட்டது. வட்டத்தின் தலைவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். உள்ளூரில் முப்பத்தைந்து வீடும் கணிசமான குழந்தைகளும் உடையவர் சுஹைல்தான். அதுவே வட்டாட்சியரானது.

ஒரு வாரத்தில் அலுவலகம் எழுந்தது. ஏழு எழுத்தர்கள், வரிசை நிற்கக் கயிறு, டோக்கன் கொடுக்கும் இயந்திரம். எழுத்தர்களுக்குத் தேநீர் போடத் தண்ணீர் இல்லை. சுஹைல் ஒரே கையெழுத்தில் அலுவலக உபயோகத்துக்கென்று கனாத்தைச் சரிசெய்தது. தண்ணீர் கரைபுரண்டு வந்தது. கரையில் பலகை நட்டார்கள்: "வட்டத்தின் குடிமக்கள் அனுமதியின்றி நீர் எடுப்பது குற்றம்."

முயல்கள் அறுபத்து மூன்றும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே குதித்தன. காவலுக்கு நின்ற நாய் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. அப்படி யாரும் இல்லை. இல்லாதவர்களை எப்படிப் பிடிப்பது? அது மறுபடி படுத்துக்கொண்டது. இஸ்கந்தர் குடும்பம் உருண்டு புரண்டது. ஓநாய் நீச்சல் பழகியது. பிஸ்தா மரங்கள் குடித்த சத்தம் மலைவரை கேட்டது.

தஹ்மாஸ்ப் கரையில் கால் வைத்ததும் நாய் எழுந்து நின்றது. "நீங்கள் இருக்கிறீர்கள், ஜனாப். பக்கம் ஒன்று, வரிசை ஒன்று."

தஹ்மாஸ்ப் அலுவலகம் போனது. டோக்கன் எண் ஒன்று வந்தது. அன்று இரண்டாம் எண்ணிலிருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த கீரி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டது.

"எல்லாம் சரி. விதிப்படி வட்டத்தின் குடிமக்கள் அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முப்பது நாள்."

"வட்டத்தில் இருக்கும் ஒரே குடிமகன் நான்தானே?"

"அப்படியானால் அறிவிப்பு சீக்கிரம் கிடைக்கும்," என்று கீரி கையிலேயே கொடுத்தது.

வெளியே படியில் உட்கார்ந்து தஹ்மாஸ்ப் வாசித்தது. "தஹ்மாஸ்ப் எனும் தனிநபர் பொதுநீரைத் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறார். குடிமக்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

குல்னார் மூக்கில் நீர் சொட்ட அந்த வழியாக வந்தாள். "இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஜனாப். தண்ணீர் சில்லென்று இருக்கிறது."

தஹ்மாஸ்ப் இன்னொரு முறை படித்தது. பொதுநீராம். தனிநபராம். சொந்தத் தேவையாம். முப்பது வருஷத்து ரத்தம் ஜிவ்வென்று தலைக்கேறியது. முதுகின் வலப்பக்கம் கையை வளைத்து ஒரு முள்ளைப் பிடுங்கியது.

"யாரய்யா அவன்?" என்றது. "விடமாட்டேன்!"

ஆட்சேபணை பதினாறு பக்கம் வந்தது. வட்டத்தின் வரலாற்றிலேயே, நூற்றுக்கு நூறு குடிமக்களும் ஒன்றுதிரண்டு எதிர்த்த ஒரே விண்ணப்பம் அதுதான். விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. சங்தரா முழுவதும் நனைந்த காதுகளோடு வந்து தஹ்மாஸ்ப்பைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனது. தாகத்தில் நாக்கு வெளியே தள்ளியிருந்தாலும் அதற்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் அது ஜெயித்த முதல் போராட்டம் அல்லவா?

நீதி: உரிமைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், பதிவேட்டைத் திறந்துகொண்டு யாராவது பெயர் கேட்டால் மட்டும் பக்கத்து வீட்டைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போங்கள்.