கீச் அண்ணாச்சியின் ஒற்றை லைன்

அந்தமான் தீவுகள் முழுவதிலும் வாயாலேயே இரண்டு கம்ப்யூட்டர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கக்கூடிய ஒரே மனிதர் பாம்பூஃப்ளாட் கீச் அண்ணாச்சிதான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால், அவர் அண்ணாச்சியின் கீச்சைக் கேட்டதில்லை என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். ஊரே கையில் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அண்ணாச்சி தன் வீட்டில் ஒரு 'போர்டு' நடத்துகிறார். இணையம் பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம். நம் கம்ப்யூட்டரிலிருந்து அவர் வீட்டுத் தரைவழி போனுக்கு டயல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் மோடம் என்கிற பெட்டி, வாலை மிதித்த பூனை மாதிரி 'கீச்ச்... கொர்ர்ர்' என்று கத்தும். கத்தி முடித்தால் அவர் கம்ப்யூட்டருக்குள் நாம் இருப்போம். பச்சை எழுத்துகள், ஒரு பொதுப் பலகை, தனிக்கடிதப் பெட்டி. ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒரே ஆள். மொத்த உறுப்பினர்கள் பதினொரு பேர்.

எதற்கு அண்ணாச்சி இதெல்லாம் என்று கேட்டதற்கு, "மழ பெய்ஞ்சா நெட்டு போயிரும், காத்தடிச்சா கப்பல் நின்னுரும். எம் போர்டு நிக்காதுலே" என்றார். பெட்டியையும் ஒயரையும் துண்டில் சுற்றி, படகில் இக்கரைக்குத் தூக்கிவந்து என் வீட்டில் மாட்டிவிட்டதும் அவரேதான். என் மோடம் மக்கர் செய்த நாளில், அது எப்படிக் கத்தியது என்று டீக்கடையில் வாயால் செய்து காட்டச் சொன்னார். நான் செய்தேன். "இல்லலே, மூணாவது கொர் வரல" என்று அவர் சரியாகச் செய்து காட்டினார். தெரு நாய்கள் கலைந்தன. படகுக்காரர் ஒருவர் எஞ்சின் கராப் ஆகிவிட்டதோ என்று படகுத்துறை ஜெட்டிக்கு ஓடினார்.

அவருக்கு இரண்டு சட்டங்கள். லைன் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அடுத்தவன் எழுதியதில் அவர் கைவைக்க மாட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டும் அந்தப் பதினொருவரில் ஒருவர். பாம்பூஃப்ளாட்வாசி, கவிஞர். 'கடலே, நீ ஏன் உப்பானாய்?' என்று போர்டில் ஒரு கவிதை ஒட்டியிருந்தார். ஒருநாள் காலை ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் அண்ணாச்சிக்குத் தனிக்கடிதம் எழுதினேன்: "இந்தக் கவிதையைக் கேட்டு மீன்கள் அழுததால்தான் கடல் உப்பானது." தனிக்கடிதத்துக்கு ஒன்றை அழுத்த வேண்டும், பொதுப் பலகைக்கு இரண்டு. அழுத்திவிட்டு, என்ன ஒரு வரி என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

மத்தியானம் சூப்பிரண்டு என் மேஜைப் பக்கம் வந்து, "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போர்டுல நம்ம கவிதைக்கு யார் என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார். அந்த நொடியில் என் ஆள்காட்டி விரலுக்கு ஞாபகம் வந்தது. அது அழுத்தியது இரண்டு.

அந்த வாரம்தான் மாற்றல் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. திக்லிபூருக்கு ஓர் ஆள் வேண்டும், பெயரை எழுதப்போவது அவர். திக்லிபூர் நல்ல ஊர்தான். ஆனால் வடகோடிக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு மணி நேர பஸ் பயணத்தில் என் வயிறு எனக்குச் சொந்தமாக இருப்பதில்லை.

வயிற்றுவலி என்று லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன். டயல் செய்தேன். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். நாற்பது தடவை எங்கேஜ். எந்தப் பாவி இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று மற்ற ஒன்பது பேரையும் வம்சத்தோடு திட்டினேன். அண்ணாச்சியிடம் செல்போன் கிடையாது. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, சாத்தம் ஜெட்டிக்கு ஓடி பாம்பூஃப்ளாட் படகில் ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் சூப்பிரண்டு.

"வயித்துவலின்னு போனீங்க?"

"பாம்பூஃப்ளாட்ல ஒரு வைத்தியர் இருக்காரு சார்."

"எனக்குத் தெரியாம எந்த வைத்தியர்? பேசாம நம்ம வீட்டுக்கு வாங்க. ஓமத்தண்ணி தரேன். குடிச்சிட்டு, கவிதைக்கு என்ன வந்திருக்குன்னு ரெண்டு பேருமா சேந்தே பாப்போம்."

இப்போது எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. படகு கரையைத் தொட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, "அரே, வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அண்ணாச்சி வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்தார். மடியில், துண்டில் சுற்றிய ரிசீவர், தூங்க மறுக்கும் கைக்குழந்தை போல 'கொய்ங்' என்று முனகிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியாலே? காலைலேருந்து இத எடுத்து மடில வச்சிட்டு உக்காந்திருக்கேன். கீழ வச்சா மறந்துபோயி பழைய எடத்துல வச்சிருவேன்."

உள்ளே யாருமே இல்லை. நாற்பது எங்கேஜும் அவர்தான்.

"நீங்களே அத அழிச்சிருக்கலாமே அண்ணாச்சி?"

"நீ எழுதுன, நீயே அழி. அடுத்தவன் எழுத்த நான் தொடமாட்டேன்." கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "ஆனா ஒண்ணுலே. மீன் அழுத எடத்துல சிரிச்சு சிரிச்சு, ரிசீவர் ரெண்டு தடவ நழுவிருச்சு."

அழித்தேன். அவர் ரிசீவரை வைத்தார். சில நிமிஷத்தில் மணி அடித்தது, மோடம் கத்தியது. அண்ணாச்சி காதைச் சாய்த்து, "உங்க சூப்பிரண்டு" என்றார். தன் கவிதைக்குக் கீழே ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு, அவர் ஒரு நிமிஷத்தில் வெளியேறிவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் 'அருமை' என்று எழுதினேன். அதன் விளைவாக அடுத்த வாரம் இன்னும் ஆறு கவிதைகள் வந்தன. திக்லிபூருக்கு, தானாகவே கேட்டுக்கொண்ட வேறொருவர் போனார்.

அந்த எங்கேஜ் நாளுக்கு மறுநாளே போர்டில் மற்ற ஒன்பது பேரும் சண்டைக்கு வந்திருந்தார்கள். நிக்காத லைன் ஏன் நின்றது என்று ஒரே கேலி. கீழே அண்ணாச்சியின் பதில் இருந்தது: "லைன்ல கோளாறு. என் தப்பு. மாஃப் கரோ."

இப்போதும் அந்த எண்ணைப் போட்டு எங்கேஜ் வந்தால் நான் யாரையும் திட்டுவதில்லை. யாரோ ஒருவருடைய மானம் அண்ணாச்சியின் மடியில் துண்டு சுற்றிப் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டீ போடப் போய்விடுகிறேன்.