ரெண்டாம் ஈடு சார் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த கதை

வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். இளநீருக்குள் தண்ணீர் தானாகவே இருப்பது மாதிரி, கம்ப்யூட்டருக்குள்ளும் வேண்டியதெல்லாம் தானாகவே இருக்கும் என்று நம்பினவன். டப்பாவை வாங்கி வந்து பிளக்கைச் சொருக வேண்டியது, தட்ட வேண்டியது, அவ்வளவுதான் என்று சயாஜிராவ் ரோட்டில் ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டேன். கடைக்காரர் மஞ்சு, "சார், விண்டோஸ் எது போடணும்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாதென்று, "எது சூடா இருக்கோ அதையே கொடுங்க" என்றேன்.

மஞ்சு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல பெரியவங்க யாரையாவது கேட்டுட்டு வாங்க சார்" என்றார். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

இது முதல் மடத்தனம். இரண்டாவது, யாரைக் கேட்கலாம் என்று யோசித்து, மைசூர் முழுக்க ஆள் இருக்க, நேராக ரெண்டாம் ஈடு சாரிடம் போனது.

இதுவரை பிறந்தவர்களிலும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களிலும், எதையுமே முதலில் சாப்பிடாத, முதலில் வாங்காத, முதலில் நம்பாத ஒரே மனிதர் அவர்தான். முடிந்திருந்தால், முதலில் வேறு யாரையாவது பிறக்கவிட்டு, 'எப்படி இருக்கு அங்கே?' என்று விசாரித்துவிட்டுத்தான் பிறந்திருப்பார். யாதவகிரியில் எங்கள் கிராஸ் தெருவில் கடைசி வீடு. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் வரும்.

'ரெண்டாம் ஈடு' என்ற பெயர் வந்தது இட்லியால். முதல் ஈடு இட்லியை அவர் தொட மாட்டார். "முதல் ஈடு தட்டோட சூட்டைப் பாக்கறதுக்குப்பா. ரெண்டாவதுதான் மனுஷன் சாப்பிடறதுக்கு" என்பார். அப்படியானால் முதல் ஈட்டை என்ன செய்வது? அதற்குத்தான் கடவுள் என்னைப் படைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு இட்லிப் பானை மூடி திறக்கிற சத்தத்துக்கும், நான் 'பேப்பர் இருக்கா சார்?' என்று வாசலில் நிற்பதற்கும் நடுவில் ஒரு கொசு பறக்க முடியாது. நான் தின்பேன். அவர் எதிரே உட்கார்ந்து, ரயில் பெட்டியின் அச்சைப் பார்ப்பது போல என் முகத்தையே பார்ப்பார். நான் உயிரோடு எழுந்து கை கழுவினால், உள்ளே திரும்பி, "சரி, அடுத்ததை வை" என்பார்.

பேப்பர் என்று சொன்னேனே, அதுவும் நேற்றைய பேப்பர்தான். இன்றைய பேப்பரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு நாளைக்குத்தான் படிப்பார். "இன்னைக்குப் போடற தப்பை நாளைக்குத் திருத்திப் போடறான். ரெண்டையும் சேத்து வெச்சுப் படிச்சா ஒரே வேலை." அவரோடு அரசியல் பேசினால் நாம் எப்போதும் ஒரு நாள் முன்னால் இருப்போம். தீர்க்கதரிசி என்று என்னை மதித்த ஒரே வீடு அது.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். சார் இரண்டுக்கும் பிந்துவார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வரும்போது, மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவரையும் விசாரிப்பார். "ரசத்துல உப்பு எப்படி?" மாப்பிள்ளை வீட்டார் இவரைச் சமையல் காண்ட்ராக்டர் என்று நினைத்து, காபி இன்னும் வரவில்லை என்று சண்டைக்கு வந்ததும் உண்டு.

பெண் பார்க்கப் போன இடத்தில் மூத்த பெண்ணை விட்டுவிட்டு இரண்டாவது பெண்ணைக் கேட்டார் என்று தெருவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தைரியமாக சார் வீட்டு மாமியிடமே கேட்டுவிட்டேன்.

"யார் சொன்னா? எங்க வீட்ல நான்தான் மூத்தவ" என்றாள் மாமி. "வந்து பாத்தார். கேசரி சாப்பிட்டார். எழுந்து போயிட்டார். எங்கப்பா ஒரு வாரம் தூங்கல. அப்புறம் திரும்பவும் வந்து முதல்லேர்ந்து பாத்தார். அதே கேசரி, அதே புடவை. அதுக்கப்புறம்தான் சரின்னார்."

"ரெண்டாவது தடவை கேசரி நல்லா இருந்தது" என்றார் சார், நேற்றைய பேப்பருக்குப் பின்னாலிருந்து.

ஊரிலேயே அவர் குறை சொல்லாத விஷயம் தசரா ஊர்வலம் ஒன்றுதான். "ஏன் தெரியுமா? ஆனைக்குக்கூட ரிகர்சல் உண்டு. நம்ம ஆபீசுங்கள்ல எவனாவது ரிகர்சல் பண்றானா?"

இப்படிப்பட்டவரிடம்தான் நான் கம்ப்யூட்டருக்கு யோசனை கேட்கப் போனேன். கம்ப்யூட்டர் எனக்கில்லை, என் மனைவி வசந்தாவுக்கு. வசந்தா வீட்டிலேயே ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் அடித்துக் கொடுப்பவள். ஊரிலுள்ள பாதிப் பேருடைய டாக்டர் பட்டம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டச்சு ஆனதுதான். அவள் டைப்ரைட்டர் மெஷின் ஓடுகிற வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் தினமும் கடலை வறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஒவ்வொரு மாணவனாக வந்து, "அக்கா, கம்ப்யூட்டர்ல வேணும்னு கைடு சொல்றார்" என்று தலையைச் சொறிய ஆரம்பித்தார்கள். கடைசியில் மிஞ்சினது நாகராஜ் ஒருவன். தாவரவியல். சாமுண்டி மலையில் முளைக்கிற புல் வகைகள் பற்றி அவன் எழுதியிருந்தது, அந்த மலையைவிடக் கொஞ்சம் உயரம். அவனும் கம்ப்யூட்டர்தான் கேட்டான். ஆனால் அக்கா வாங்குகிற வரைக்கும் காத்திருப்பேன் என்றான்.

சாரை அழைத்துக்கொண்டு மறுபடி மஞ்சுவின் கடைக்குப் போனேன். சார் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இது எத்தனாவதுப்பா?"

"எது சார்?"

"நீ சொல்ற விண்டோஸ்."

"தொண்ணூத்தஞ்சு இருக்கு. புதுசா வேணும்னா தொண்ணூத்தெட்டு சார்."

சார் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? தொண்ணூத்தேழு தடவை பண்ணிப் பாத்துட்டுத்தான் இதைக் கடைக்கு அனுப்பியிருக்கான். இப்படி இருக்கணும்ப்பா தொழில்னா."

"இல்லா சார்," என்றார் மஞ்சு. "அது வருஷம்."

மலர்ந்தது கூம்பியது. "வருஷமா? அப்ப இது ஒண்ணாவது."

"ஆபீசுக்கு எல்லாம் என்.டி. போடறாங்க சார். அது நாலாவது."

"முதல் மூணு எங்க?"

"அதெல்லாம் போயாச்சு சார். பழசு."

"மூணும் போயாச்சு, நாலாவது மட்டும் நிக்குமா?"

நான் இடையில் புகுந்து என் அறிவைக் காட்டினேன். "சார், தொண்ணூத்தஞ்சோட ரெண்டாவதுதானே தொண்ணூத்தெட்டு?"

"பேரை மாத்திட்டானே" என்றார் சார். "பேர் மாறினா அது வேற பிறவி. தொண்ணூத்தெட்டுலயே ரெண்டாவது வரும். அதை வாங்கு."

"அந்த மாதிரி ஒண்ணும் வராது சார்" என்றார் மஞ்சு.

"வரும். பண்ணினவனுக்குத்தான் எங்க சரியா வரலைன்னு தெரியும். அவனுக்கு உறுத்தும். உறுத்தினா திரும்பப் பண்ணுவான். நான் முப்பது வருஷம் ரயில் பெட்டி பாத்தவன். ஒர்க்‌ஷாப்லேர்ந்து வந்த பெட்டியை முதல் ஓட்டத்துல காலியாத்தான் ஓட்டுவோம். நீ இவனை முதல் ஓட்டத்துலயே ஏத்தப் பாக்கறே."

இவ்வளவு நம்பிக்கையாக ஒருவர் பேசினால் என் போன்றவனுக்கு முதுகெலும்பு கரைந்துவிடும். காத்திருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தா மெஷினில் ரிப்பன் மாற்றுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

தீபாவளி போனது. சங்கராந்திக்குத் தெருவெல்லாம் எள்ளும் வெல்லமும் கொடுத்தாகிவிட்டது. வாரம் ஒரு தடவை நான் கடைக்குப் போய், "வந்துதா?" என்பேன். மஞ்சு, "எது சார் வரணும்?" என்பார். எனக்கும் தெரியாது. திரும்பி வருவேன்.

யுகாதி முடிந்த கையோடு நாகராஜ் வந்தான். வேப்பம்பூவும் வெல்லமும் வாயில் இருக்கும்போதே அழுதுவிடுவான் போலிருந்தது. "அக்கா, இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். உங்களால ஆகலைன்னா கம்ப்யூட்டர் சென்டர்லயே கொடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க."

அவன் போன பிறகு வசந்தா மெஷினுக்கு உறையைப் போட்டாள். "இவனும் போயிட்டா அதோட சரி. அப்புறம் இந்தப் பத்து விரலையும் வெச்சுக்கிட்டு நான் கொத்தமல்லிதான் ஆயணும். நாளைக்கு அந்த முதலாவதோ மூணாவதோ, கடையில எது இருக்கோ வாங்கிட்டு வாங்க. உங்க சார் ரெண்டாவதைப் பாத்துட்டு நிதானமா செத்துப்போகட்டும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு சாரிடம் போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டரை மஞ்சு பாகங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்க எப்படியும் ஒரு வாரம் பிடிக்கும், அதற்குள் மாசம் முடிந்துவிடும் என்பதையும் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நாளைக்குக் காலையில வசந்தாவைக் கடைக்கு வரச் சொல்லு" என்றார் கடைசியில். "அந்தப் புல்லையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

மறுநாள் கடையில் அவர் மஞ்சுவிடம், "வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா ஓட்டிப் பாத்துட்டுத்தான்" என்றார்.

"பாருங்க சார். அஞ்சு நிமிஷம் பாருங்க."

"அஞ்சு நிமிஷத்துல டீ கூட ஆறாதுப்பா. நீ உக்காரும்மா."

கடை வாசலைப் பார்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் வசந்தா உட்கார்ந்தாள். அதில் இருந்தது சார் வேண்டாமென்ற அதே தொண்ணூத்தெட்டு. எலியைப் பிடிக்க மட்டும் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு புல்லின் முதல் அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அதுவரை அந்தக் கடையில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் எல்லாம் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எழுத்துப் பொறுக்கினவர்கள்தான். இவளோ திரையைக்கூடப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தபடி அடித்துத் தள்ளினாள். மஞ்சு பில் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

சாயங்காலம் சார் கேட்டார், "எப்படிம்மா ஓடுது?"

வசந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள். "பரவாயில்லை சார். ஆனா ஒரு நாள்ல என்ன தெரியும்?"

"அதானே" என்றார் சார். "நாளைக்கும் பாப்போம்ப்பா மஞ்சு."

மறுநாள் இரண்டாம் அத்தியாயம். மஞ்சு மெதுவாக, "சார், இது ட்ரையலா இல்ல குடித்தனமா?" என்று கேட்டுப் பார்த்தார். அதற்குள் கால்குலேட்டர் வாங்க வந்த ஒரு வக்கீல், வசந்தா அடிப்பதைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, தன் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டுப் போனார். அதோடு மஞ்சு வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து வசந்தாவுக்குக் காபி வந்தது. பிறகு மேஜை விசிறி வந்தது.

சார் தினமும் காலையில் கடை திறக்கும்போதே வந்துவிடுவார். பக்கத்தில் ஒரு ஸ்டூல். முழங்கால்களுக்கு நடுவில் குடை. கையில் நேற்றைய பேப்பர். யாராவது கிட்டே வந்து, "மேடம், இதுல சினிமா பாக்கலாமா?" என்றால் குடை குறுக்கே நீளும். "ட்ரையல் நடக்குது. ட்ராக் மேல நிக்காதீங்க." சாப்பாட்டு வேளையில் மாமி இரண்டு பேருக்கும் தயிர் சாதம் கொடுத்தனுப்புவாள். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த மாதம் அது. நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஆபீசில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

புல் முழுவதும் கடையிலேயே அடித்து, கடைப் பிரிண்டரிலேயே அச்சாகி, மாசக் கடைசிக்குள் நாகராஜ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வசந்தாவின் காலில் விழுந்தான். எழுந்து, சந்தேகத்துக்கு மஞ்சுவின் காலிலும் விழப் பார்த்தான்.

"சரி, இதையே வாங்கிடலாமே. நல்லாத்தானே ஓடுது" என்றாள் வசந்தா.

இப்போது மஞ்சு விடவில்லை. "அவசரம் பேடா, வேண்டாம் மேடம். இன்னும் கொஞ்ச நாள் ட்ரையல் பாருங்க." வேறு இரண்டு மாணவர்கள் கடைக்கே தீசிஸைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவும் ட்ரையலில் ஓடியது.

மழை பிடித்த பிறகு ஒரு நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. மஞ்சுவின் குரல் கோயிலில் பேசுகிற மாதிரி இருந்தது. "சார், வந்துடுச்சு சார். தொண்ணூத்தெட்டுலயே. டப்பா மேலயே போட்டிருக்கு சார், செகண்ட் எடிஷன்னு. ஐயா யாரு சார்? ஜோசியம் ஏதாவது பாக்கறாரா?" அதற்குப் பிறகு தன் கல்யாணத்துக்குக்கூட சாரைக் கேட்காமல் அவர் நாள் குறிக்கவில்லை என்று கேள்வி.

கம்ப்யூட்டர் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. மஞ்சுவே வந்து எல்லாம் போட்டுக் கொடுத்தார். வசந்தா உட்கார்ந்து யாருடைய பொருளாதாரத்தையோ அடிக்க ஆரம்பித்தாள். சார் அவளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கிளம்பினார். வாசல் கேட் வரைக்கும் கூடவே போனேன். தூறிக்கொண்டிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது வரும், வந்தே தீரும்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்க. அப்புறம் எதுக்கு அந்த வெயில்ல தினமும் கடையில வந்து உக்காந்து, வசந்தாவை அங்கேயே அடிச்சு முடிக்க வெச்சீங்க?"

அவர் குடையை விரித்து, தெருவில் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வரலைன்னா?"