பெண் பார்க்க வந்த ஃபோன்

ஆர்வக்கோளாறு எனக்குப் பிறவியிலேயே உண்டு. பெண் பார்க்கப் போன அன்றைக்காவது அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

என் சித்தப்பாவுக்கு முடக்குவாதம். விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. ஃபோனில் ஒன்றைத் தொடப் போனால் மற்ற விரல்கள் முந்திக்கொண்டு நாலு இடத்தில் உரசும். ஃபோன் கால் வேறு யாருக்கோ போகும். அதனால் யாராவது போட்டுக் கொடுத்தால்தான் பேசுவார்.

முந்தின நாள் என் ஃபோன் செட்டிங்கை மேய்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. விரலை இரண்டு வினாடி அசையாமல் வைத்தால்தான் தொட்டதாகக் கணக்கு. உரசலை ஃபோன் கண்டுகொள்ளாது. சித்தப்பாவுக்குச் சரிப்படுமா? என் ஃபோனிலேயே போட்டுப் பார்த்தேன். (திரும்ப மாற்றினேனா என்று கேட்காதீர்கள்.)

கோபிசெட்டிபாளையத்தில் பெண் வீடு. அம்மாவும் சித்தப்பாவும் கூட வந்தார்கள். வர முடியாத அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள்: பெண் பிடிக்கவில்லை என்றால் நான் இரும வேண்டும், அம்மா நாசூக்காகக் கிளம்பிவிடுவாள். எனக்கோ பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அந்தப் படபடப்பில் காபி புரையேறி இருமித் தள்ளினேன்.

"அப்ப நாங்க கெளம்பறமுங்க" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் வீடியோ கால். சிவப்பைத் தட்டினேன், நிற்கவில்லை. பத்துத் தடவை தட்டினேன். (பக்கவாட்டு பட்டனை அழுத்தியிருந்தால் சத்தமாவது அடங்கியிருக்கும். இப்போது தோன்றி என்ன பயன்?) கடைசியில் பயத்தில் விரல் பச்சை மேல் போய் அப்படியே உறைந்துவிட்டது.

"ஏண்டா, புள்ள எப்படி? இருமிப்போட்டயா?" என்றாள் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பெண்ணின் அப்பா முகம் சிவந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தப்பா குனிந்து, தன் வளைந்த விரலை நிதானமாகச் சிவப்பின் மேல் வைத்தார். இரண்டு வினாடியில் கால் நின்றது.

"ஏனுங்க, நீங்க அத்தன தட்டு தட்டியும் கேக்கல. அவுங்க தொட்டா மட்டும் எப்படிங்க கேக்குது?" என்றாள் பெண்.

செட்டிங், அக்காவின் ஏற்பாடு, காபி என்று ஒன்று விடாமல் உளறினேன்.

"அப்ப அது நெச இருமலுங்களா?"

"ஆமாங்க. புடிச்சிருக்குதுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவள் அப்பாவும் சிரித்தார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் ஃபோனோடு மூலையில் போய் நின்று ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு அவர் குரல் கேட்டது.

"அம்மணி, நாந்தான். யாரும் போட்டுக் குடுக்கல, நானேதான் போட்டேன்!"

அந்தப் பக்கம் சித்தி என்ன சொன்னாரோ, சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஃபோனைத் திருப்பிக் கேட்க யாருக்கு மனம் வரும்?

மாமனார் வீட்டு விசேஷங்களில் என்னை யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதில்லை. "பொண்ணு பாக்க வந்து ஃபோனப் பறிகொடுத்துப்போட்டுப் போனாரே, அந்த மாப்பிள்ளைங்க" என்கிறார்கள்.