ஆறு சம்மதித்தால்தான் ரோடு மூடும்

ஆறு பேச ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

இத்தனை காலமும் சாக்கடையையும் சோப்பு நுரையையும் வாங்கிக்கொண்டு கம்மென்று கிடந்த ஆறு, திடீரென்று வாயைத் திறந்துவிட்டதாம். அது என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் படித்துறையில் அவ்வளவு கூட்டம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், போடாமலே வந்தவர்கள், தோளில் குழந்தையும் கையில் காலி பாட்டிலுமாக வந்தவர்கள். கீழே இடம் கிடைக்காதவர்கள் பாலத்துக் கைப்பிடியில் தொங்கினார்கள். ஆறு பேசுவது அவ்வளவு உயரத்துக்குக் கேட்காதுதான். அதனால் என்ன? கீழே இருப்பவர்களுக்குப் புல்லரித்தால் மேலே இருப்பவர்களுக்கும் தானாக அரிக்கும்.

கூட்டத்தின் முன்வரிசையில், மற்ற எல்லாரையும்விட அதிகமாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் குடைக்கடைக்காரர். ஆற்றோர விழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். குடை விற்கிற மனுஷனைத் திறந்தவெளி விழாவுக்குத் தலைவராகப் போட்டது யார் புத்தி என்று போன வருஷமே ஒரு முணுமுணுப்பு. அதற்கேற்ற மாதிரி விழா நடுவில் மழை கொட்டியது, மேடை சரிந்தது, குடை மட்டும் அமோகமாக விற்றது. அன்றிலிருந்து வானத்தில் ஒரு மேகத்தைப் பார்த்தாலும் அவர் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிடுவார்.

இந்த வருஷம் ஏற்பாடு பெரிது. பாலத்திலிருந்து படகுத்துறை வரைக்கும் ஆற்றோர ரோட்டை ஒரு நாள் முழுக்க மூடுவது. லாரி, பஸ், ஹாரன் எதுவும் இல்லாமல் ஜனங்கள் நடு ரோட்டில் கையை வீசிக்கொண்டு நடப்பது. பாட்டு, படகு, குழந்தைகளுக்குச் சைக்கிள் பந்தயம். மாநகராட்சி சரி என்றது. போலீஸ் சரி என்றது. பஸ்காரர்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார்கள்.

"எல்லார்கிட்டயும் கேட்டீங்க மாமா. ஆத்துகிட்ட கேட்டீங்களா?" என்றான் மைத்துனன்.

மைத்துனனுக்கு அதே ரோட்டில் பேக்கரி. கேக்குக்கு மேலே பூப்போடுவதில் கெட்டிக்காரன். யார் எதைச் சொன்னாலும் நம்புவதில் அதைவிடக் கெட்டிக்காரன். அவன்தான் தண்ணி ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

தண்ணி ஐயா எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை ஜிப்பா, வாராத முடி, வாரப்பட்ட மீசை. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை ஈரத்துணியால் பக்தியோடு துடைப்பார். ஊர் பார்க்க ஆற்றில் முக்கித் தண்ணீர் எடுப்பார். கேள்வியைச் சொன்னதும் கண்ணை மூடி, கட்டை விரலை உள்ளே விட்டுக் கலக்குவார். ஆற்றுக்குச் சம்மதம் என்றால் தண்ணீர் அப்படியே இருக்கும். கோபம் என்றால் சிவக்கும். அதாவது ஒன்றுமே நடக்காவிட்டாலும் அது அற்புதம்தான். தொழில் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்.

முதல் நாளே, "ரோட்டை மூடலாமா?" என்று கேட்டதற்குத் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. குடைக்கடைக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"ஆறு மனசு புண்பட்டிருக்கு," என்றார் தண்ணி ஐயா. "ஆறுதல் சொல்லணும்."

ஆறுதலுக்குக் கட்டணம் உண்டு. கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. கட்டியவர்களுக்குக் கிண்ணத்திலிருந்தே ஒரு பாட்டில் 'சம்மதத் தண்ணி' கிடைக்கும். காலையில் ஒரு மடக்குக் குடித்தால் ஆற்றின் அன்பு உடம்பில் ஓடும். மைத்துனன் இரண்டு மடக்குக் குடித்தான். அன்பு பயங்கரமாக ஓடியது. பேக்கரிக்கும் கழிப்பறைக்குமாக ஓடியது அவன்.

"பாவமெல்லாம் வெளியே போகுதாம் மாமா," என்றான், முகம் வெளிறி, கண் மட்டும் மின்ன.

"உனக்கு அவ்வளவு பாவம் எப்படிடா சேர்ந்துச்சு?" என்று கேட்டார் அவன் அக்கா. குடைக்கடைக்காரரின் மனைவி. பல் டாக்டர். கடைக்கு மாடியில்தான் அவருடைய கிளினிக். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்து படுத்தவர்கள். அதனால் யார் பேச்சுக்கும் சட்டென்று மயங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை.

ஊர் முழுக்க ஆறுதல் சொன்னது. ஒரே ஒருத்தி சொல்லவில்லை. படகுத்துறை முனையில் சைக்கிள் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தவள். எல்லாரும் சைக்கிள்காரம்மா என்பார்கள். பந்தயத்துக்கு இருந்த பழைய சைக்கிள்களை எல்லாம் கூலி வாங்காமல் சரிசெய்து வைத்திருந்ததும் அவள்தான். தண்ணி ஐயாவின் ஆட்கள் கட்டணம் கேட்டு வந்தபோது, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டே சொன்னாளாம்.

"தினம் நானும் தண்ணியிலதான் கேக்கிறேன். எங்க ஓட்டைன்னு மட்டும் சொல்லும். காசு கேட்டதில்ல."

மறுநாள் அவள் பேரைச் சொன்னதும் கிண்ணத்துத் தண்ணீர் சிவந்தது. லேசாக அல்ல. பீட்ரூட் கணக்காக.

"ஒருத்தி மேல கோபம்," என்றார் தண்ணி ஐயா, ரொம்ப வருத்தமாக. "அவ காலடி படுற விழாவை ஆறு ஏத்துக்காது. அப்புறம் வெள்ளம் வந்தா என்னைக் கேக்காதீங்க."

போதாதா? காற்றுப்போன சைக்கிளை அவள் கடை வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு, அவளைப் பார்க்காத மாதிரி, பாலத்தைத் தாண்டிப் போய் அந்தக் கரையில் பஞ்சர் ஒட்டினார்கள் ஜனங்கள். வேர்க்க விறுவிறுக்க. ஆற்றின் கோபம் ஒட்டிக்கொள்ளுமாம். தும்மலா அது, ஒட்டிக்கொள்ள?

கமிட்டி கூடியது. சைக்கிள்காரம்மா விழாவுக்கு வரக்கூடாது, பந்தயமும் வேண்டாம் என்று முடிவானது. கை தூக்காமல் இருந்தவர் தலைவர் ஒருவர்தான். ஆனால் எதிர்த்துப் பேசவும் இல்லை. மேடை சரிந்த சத்தம் அவர் காதை விட்டு இன்னும் போகவில்லை. முடிவை அவளிடம் போய்ச் சொல்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது.

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. பந்தயச் சைக்கிள்கள் மட்டும் வரிசையாக, துடைத்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் கலர் ரிப்பன் கட்டி நின்றன. அவர் சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் நெற்றி நனைந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. "நீங்களும் நம்புறீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் நம்புறேனான்னு இல்லம்மா. ஊரு..."

"ஊரைக் கேக்கல."

அவர் பதில் சொல்லாமல் திரும்பி வந்தார். ராத்திரி சோற்றில் கை போகவில்லை. டாக்டரம்மா விசாரித்தார். முழுக்கக் கேட்டபிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் கடைசிச் சம்மதம் கேக்கிறாங்க இல்ல? நானும் வர்றேன்."

"நீ அங்க வந்து சண்டை கிண்டை..."

"சண்டை எதுக்குங்க? மரியாதை பண்ண வர்றேன்."

மனைவி மரியாதை என்று சொன்னால் யாருக்கோ பல் பிடுங்கப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஏனோ சோறு இறங்கியது.

மறுநாள்தான் நாம் முதலில் பார்த்த அந்தக் கூட்டம். ரோட்டை மூடுவதற்காகத் தடுப்புக் கம்பிகளைக் கொண்டுவந்து இறக்கிய போலீஸ்காரரும் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். தண்ணி ஐயா கிண்ணத்தைத் துடைத்தார், முக்கினார், கண்ணை மூடினார். கட்டை விரல் கீழே இறங்கியது.

"ஒரு நிமிஷம் ஐயா," என்றார் டாக்டரம்மா.

கையில் கிளினிக்கில் இருக்கும் கையுறைப் பெட்டி. கும்பிடாத குறையாகக் குனிந்து நீட்டினார்.

"ஆத்துத் தண்ணி எவ்வளவு அழுக்குன்னு எங்களுக்குத் தெரியும். ஊருக்காகத் தினம் அதுல கையை விடுறீங்க. உங்க விரலுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு யார் இருக்கா? இதைப் போட்டுக்கிட்டுக் கேளுங்க."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தண்ணி ஐயா மட்டும் நெகிழவில்லை.

"ரப்பர் இருந்தா ஆறு பேசாதும்மா."

"கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள போட்டாலே பேசுது. இம்புட்டு மெல்லிசு ரப்பருக்கா பயப்படும்?"

"அதானே," என்றது பாலத்திலிருந்து ஒரு குரல். "போட்டுக்கோங்க ஐயா," என்றது இன்னொன்று. பக்தர்களின் அன்பு இருக்கிறதே, அதிலிருந்து தப்புவது கஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்து அவர் கையைப் பிடித்துப் பிரியமாகக் கையுறையை மாட்டியே விட்டார்கள்.

"ரோட்டை மூடலாமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

விரல் கலக்கியது. தண்ணீர் அப்படியே இருந்தது. சம்மதம். கைதட்டல் அக்கரை வரை போனது. தண்ணி ஐயாவுக்கும் மூச்சு வந்தது.

"சைக்கிள்காரம்மா விழாவுக்கு வரலாமா?"

தண்ணி ஐயா கலக்கினார். வலமாகக் கலக்கினார், இடமாகக் கலக்கினார், ரசம் வைப்பவர் மாதிரி கலக்கினார். தண்ணீர் தெளிவாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறு... மன்னிச்சுடுச்சு," என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. அன்றைக்குப் பீட்ரூட், இன்றைக்குப் பன்னீரா?

அப்போதுதான் குடைக்கடைக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு துடித்தது. அந்தச் சிரிப்பை அவர் வேறு எங்கோ பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட ஆய்வகத்தில். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. ஒரு குழாயில் இருந்ததை இன்னொன்றில் சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது நிறம் மாறியதைப் பார்த்துத் துள்ளி, அவர் சட்டையெல்லாம் ரோஜா நிறமாகக் கொட்டிவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. அட, பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினோமே. பாஸ் பண்ணிய கையோடு மறந்தும்விட்டோமே.

வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ குமிழி குமிழியாக மேலே வந்தது. பயம் என்று நினைத்தார். சிரிப்பு. அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"தலைவர்ங்கிற முறையில நான் ஒண்ணு கேக்கணும்," என்றார். "ஆறே, இந்த ஐயா எங்களை ஏமாத்துறாரா?"

தண்ணி ஐயா கையை வெளியே எடுக்கப் பார்த்தார். எடுத்தால் ஆற்றை மதிக்கவில்லை என்றாகும். கலக்கினார். அந்தக் கிண்ணத்தை அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகக் கலக்கியிருக்க மாட்டார்கள். பாதித் தண்ணீர் ஜிப்பாவில் தெறித்தது. மீதித் தண்ணீர் பளிங்கு போல நின்றது.

"சம்மதம்னு சொல்லுது," என்றார் போலீஸ்காரர், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு.

பாலம் அதிரச் சிரிப்பு. தண்ணி ஐயா கையுறையைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் கட்டை விரலை அழுத்தினார். குபீரென்று சிவந்தது. "பாத்தீங்களா, இல்லைங்குது," என்று கத்தினார்.

"அந்தக் கையை அப்படியே வெச்சிருங்க ஐயா," என்றார் டாக்டரம்மா. "நகத்துக்கு அடியில இருக்கறது துணி துவைக்கிற சோடா. கிண்ணத்தைத் துடைச்ச துணியில இருக்கறது ஃபீனால்ப்தலீன்னு ஒரு மருந்து. ரெண்டும் சேர்ந்தா சிவக்கும். நம்ம ஸ்கூல் லேபிலயே இருக்கு. இங்க பாருங்க."

அதே துணியால் வேறொரு டம்ளரைத் துடைத்து, கிளினிக் குழாயில் பிடித்து வந்த தண்ணீரை ஊற்றினார். கையோடு கொண்டுவந்திருந்த சோடாப் பொட்டலத்தைத் தொட்டு விரலை விட்டார். ரோஜாப்பூ. ஆற்றைக் கண்ணால்கூடப் பார்க்காத குழாய்த் தண்ணீருக்கும் அவர் மேல் அப்படி ஒரு கோபம்.

"முன்னல்லாம் அந்த மருந்தைப் பேதி மாத்திரையில போடுவாங்க," என்று தம்பியின் பக்கம் திரும்பினார். "உன் பாவத்துக்கு அதுதான்டா காரணம்."

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அவமானமா, பழைய வியாதியா என்று தெரியவில்லை. அதற்குள் படித்துறையில் ஒரே தள்ளுமுள்ளு. எல்லாருக்கும் ஒரு தடவையாவது ஆற்றைக் கோபப்படுத்திப் பார்க்க வேண்டும். பாங்கு அதிகாரி சிவக்க வைத்தார். பஸ் டிரைவர் சிவக்க வைத்தார். பின்வரிசையில் ஒதுங்கி நின்ற சைக்கிள்காரம்மாவைக் கூப்பிட்டு முன்னால் விட்டார்கள். அவள் விரலில் கிரீஸ். தண்ணீர் கறுத்தது.

"எனக்கு மட்டும் இது வேற மாதிரி திட்டுது," என்றாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

குடைக்கடைக்காரர் அவள் பக்கத்தில் போனார். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலம்மா. தப்பு என்னோடது. பந்தயத்தை நீதான் கொடியசைச்சு ஆரம்பிக்கணும்."

"பிரேக் எல்லாம் பாத்துட்டேன் அண்ணே. ஓடும்," என்றாள்.

வசூலித்ததைத் திருப்பிக் கொடுக்கவைத்து, போலீஸ்காரர் தண்ணி ஐயாவை ஸ்டேஷனுக்கு நடத்திப்போனார்.

விடிந்ததும் ரோடு மூடியது. வண்டி ஓடிய இடமெல்லாம் ஜனம். யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. ரிப்பன் பறக்கச் சைக்கிள்கள் போயின. நடுவில் மழையும் ஒரு தூறல் தூறியது. மழைக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வரும், போகும். குடைக்கடைக்காரர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நனைந்துகொண்டே நடந்தார்.

கிளினிக் வாசலில்தான் ஒரு வரிசை நின்றது. பல்வலிக்காரர்கள் என்று நினைத்து டாக்டரம்மா கதவைத் திறந்தார். முதலில் நின்ற அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு டாக்டரம்மா. உங்க விரலுக்குத்தான் அந்த ஐயாவைவிடச் சக்தி அதிகமாமே. கொஞ்சம் விட்டுச் சொல்லுங்க."

டாக்டரம்மா டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரோட்டை ஒரு நாள் மூடினா அது விழா. மண்டையை ஒரு நாள் மூடினாலும் எவனாவது வந்து அதுல கடை போட்டுடுவான். போங்க, போய்ப் பொண்ணுகிட்ட கேளுங்க."