ஏரியைப் பார்த்த முதல் வரிசை

ஹார்ஸ்லி,
ஞாயிறு மாலை

மதிப்புக்குரிய டோரீன் அத்தைக்கு,

ஹேலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை, அம்மா, அப்பாவின் இருமல் மூன்றும் வழக்கம்போல இருக்கின்றன. ஸ்பெயின் வெயிலில் உங்கள் முழங்கால் தேவலை என்று நம்புகிறேன்.

உங்கள் தோழி ஷீலாவுடைய பேத்தியின் கல்யாணத்தை அப்பா கெடுத்துவிட்டார் என்றும், அவர் கைப்பட மன்னிப்பு எழுதும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் நீங்கள் போனில் சொன்னதாக அம்மா சொன்னாள். அப்பா எழுத மாட்டார். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

உங்களுக்கே தெரியும், நுரையீரலில் நிலக்கரித் தூசி அடைத்த பிறகு அப்பாவால் தெருமுனை வரைகூட நடக்க முடியாது. அவருக்கு மிஞ்சியிருப்பது சனிக்கிழமைப் பூங்கா ஒன்றுதான். ஏரியோரக் கார் நிறுத்தத்தின் முதல் வரிசையில், வண்டியின் மூக்கு தண்ணீரைப் பார்க்கும்படி நிறுத்தி, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, பிளாஸ்க் தேநீரும் முட்டை சாண்ட்விச்சுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இறங்க மாட்டார், அந்த வரிசையில் யாருமே இறங்க மாட்டார்கள், பக்கத்து வண்டிக்குத் தலையை ஆட்டுவதோடு சரி. இப்போது நகராட்சி பூங்காவை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. கம்பெனி கரையில் கல்யாணக் கூடாரம் போட்டது, பிறகு கூடாரத்துக்கு மறைவு வேண்டுமென்று வரிசையில் பாதிக்கு முன்னால் ஆளுயரப் பலகை அடித்தது, மீதிப் பாதிக்கும் வரப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டியது. பலகை வந்துவிட்டால் அப்பா பார்க்கப்போவது பலகையைத்தான். பக்கத்து வண்டி ஆர்னல்ட் முன்கூட்டியே பழகிக்கொள்கிறேன் என்று ஒரு வாரம் பலகைக்கு எதிரிலேயே நிறுத்திப் பார்த்தார். மனிதருக்குத் தூக்கம்தான் வந்ததாம்.

கல்யாணத்தன்று அம்மாவும் நானும்கூட வண்டியில் இருந்தோம். கம்பெனி மேலாளர் டோபி வந்தான், என் வயதுதான் இருக்கும், சட்டையில் மரம் படம் போட்டிருந்தது.

"சார், ஒரு மணி நேரம் மட்டும் மேல் நிறுத்தத்துல போட்டுக்கிறீங்களா? போட்டோ எடுக்கணும், பின்னாடி வண்டிங்க தெரியுது."

"மேலேருந்து என்ன தெரியும் தம்பி?"

"மரம் தெரியும் சார். இயற்கை."

"மரம் எங்க வீட்டு ஜன்னல்லயே தெரியுது."

"ஏரி எல்லாருக்கும் பொதுதான் சார், இன்னிக்கு மட்டும்..."

"இந்த ஏரி எப்படி வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? அடியில நாங்க நிலக்கரிய வெட்டினோம், தரை உள்ள இறங்கிச்சு, தண்ணி தேங்கிச்சு. கீழேருந்து தோண்டினவன் மேலேருந்து பார்க்கக் கூடாதா?"

டோபி அடுத்த வண்டிக்குப் போனான். "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது தம்பி" என்றார் ஆர்னல்ட். ஹீட்டருக்காக இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதற்கடுத்த வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. வரிசை முழுக்க அன்றைக்கு ஒரு வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை அத்தை, எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் மறுத்தார்கள். டோபி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, அம்மா ஒரு சாண்ட்விச்சை நீட்டினாள், அவன் ஜன்னலோரம் நின்று இரண்டு கடியில் முடித்துவிட்டு, "என்னையும் சீசனுக்குத்தாங்க வெச்சிருக்காங்க" என்றான்.

அப்போதுதான் மழை பிடித்தது. கூடாரத்துக்கு ஓடினால் சேறு, பக்கத்திலிருந்தது எங்கள் வண்டி, மணப்பெண் ஜெம்மா பின்கதவைத் திறந்து கல்யாணக் கவுனோடு உள்ளே வந்து விழுந்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்தக் கவுனின் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "சாரி அங்கிள், அஞ்சு நிமிஷம்" என்றாள். "இரும்மா, டீ குடி. ஏரி இங்கேருந்து நல்லாத் தெரியும்" என்றார் அப்பா. அவள் குடித்தாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றாள், வெளியே போட்டோக்காரன் நனைந்துகொண்டே படமெடுத்தான். வண்டிக்குள் ஒரே சிரிப்பு. அம்மா நீட்டிய சாண்ட்விச்சிலிருந்து கொஞ்சம் முட்டை பட்டுக் கவுனில் விழுந்தது, உங்கள் ஷீலா அதைத்தான் பார்த்தார். கெட்டது அவ்வளவுதான். அந்த முட்டைக்காகக் கம்பெனி, அப்பா ஒரு வருஷம் பூங்காவுக்குள் வரக் கூடாதென்று ஓலை அனுப்பியிருக்கிறது. கரி வெட்டியவருக்கு நுரையீரலும் போச்சு, ஏரியும் போச்சு, இப்போ மன்னிப்பும் அவர்தான் கேட்கணுமாம். முடியாது அத்தை. கிறிஸ்துமஸுக்கு நீங்க வரலைன்னாலும் சரி.

மாமாவுக்கு என் அன்பைச் சொல்லவும். கோபம் ஆறியதும், ஆறாவிட்டாலும், உங்கள் ஆசி எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன் மகள் ஹேலி

பி.கு.: தபாலில் போடாமல் இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்துவிட்டேன், மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அந்த வண்டிப் படம்தான் ஆல்பத்திலேயே நன்றாக வந்ததாம், ஜெம்மா ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள், இப்போது வருகிற மணப்பெண்கள் எல்லோருக்கும் பின்னணியில் சாண்ட்விச் தின்னும் கிழவர்கள் வேண்டுமாம். கம்பெனி தடையை நீக்கிவிட்டது, பலகைகளைப் பிடுங்கிவிட்டது, சனிக்கிழமைகளில் தவறாமல் வரும்படியும் பிளாஸ்க்கைக் கொஞ்சம் தெரிகிற மாதிரி வைக்கும்படியும் டோபியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறது. போன சனிக்கிழமை அப்பா போனார். வண்டியைத் திருப்பி, பின்பக்கம் ஏரிக்கும் மூக்கு நிறுத்தத்தில் படமெடுக்கக் கூடியிருந்த கல்யாணக் கூட்டத்துக்குமாக நிறுத்தினார். வரிசையில் எல்லோரும் அப்படியே திருப்பினார்கள். டோபி ஓடிவந்து, "சார், ஏரி அந்தப் பக்கம்" என்றான். "தெரியும் தம்பி. அவங்க எங்களப் பார்க்க வர்றாங்க, நாங்க அவங்களப் பார்க்க வந்திருக்கோம்" என்று சொல்லி, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அப்பா சாண்ட்விச்சைப் பிரித்தார்.