குளோரினைத் திருத்திய எலுமிச்சம்பழங்கள்

நன்றாகத் தெரிந்த விஷயத்தில்தான் நான் எப்போதும் முழுதாகக் கவிழ்ந்திருக்கிறேன். தெரியாத விஷயத்தில் வாயைத் திறக்கப் பயமாக இருக்கும், அதனால் தப்பித்துவிடுவேன்.

குளோரின் எனக்கு நன்றாகத் தெரியும். 1962இல் நான் ஒரு மில்லின் வெளுப்புப் பிரிவில் கெமிஸ்ட். வேதியியலில் பி.எஸ்ஸி. துணியை வெளுக்கும் அந்தக் குளோரின் வாடை என் சட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. (பஸ்ஸில் எனக்கு இருபுறமும் தாராளமாக இடம் விடுவார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன்.)

அந்த வருடத் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ராகுகாலம் கழிந்து பன்னிரண்டேகால் மணிக்கு, கணபதி என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். நேரத்தை நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன். கருமத்தம்பட்டியிலிருந்து போனது நான், அம்மா, தாய்மாமன் மூவர். அப்பா இல்லாத வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். வெள்ளகோவிலில் இன்னொரு வீட்டாருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: புதன்கிழமை அவர்கள் பெண்ணையும் பார்த்த பிறகே யாருக்கும் பதில்.

பஸ்ஸிலேயே எச்சரித்தார்: "பொண்ணப் பாரு, பலகாரத்தத் தின்னு, எந்திரிச்சு வா. நான் சொல்றவரைக்கும் சரின்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே."

சரி என்றேன்.

பெண்ணின் பெயர் கோமதி. பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள், அவளும் வேதியியல். காப்பியை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனவர்களிடம் உடனே என் அறிவைக் காட்டிவிட வேண்டும் என்ற நோய் அப்போது எனக்கு முற்றியிருந்தது.

"ஏதாச்சும் கேக்கோணும்னா கேளுங்க மாப்பிள்ளை," என்றார் கோமதியின் அப்பா.

பாட்டுத் தெரியுமா என்று கேட்கச் சொல்லியிருந்தாள் அம்மா. நான், "குளோரினோட அணு எடை என்னங்க?" என்றேன். (இப்போது ஒப்பு அணு நிறை என்கிறார்கள்.)

"முப்பத்தஞ்சரைங்க."

"அந்த எடையில ஒரு அணுவாவது பாத்திருக்கீங்களா?"

"எந்த எடையிலயும் பாத்ததில்லீங்க."

மாமாவே சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றேன். (யாரும் எழச் சொல்லவில்லை.)

"ஒரே தனிமம்தானுங்க. ஆனா அதுக்குள்ள ரெண்டு வகை அணு இருக்குது, ஐசோடோப்புன்னு பேரு. புரோட்டான் ரெண்டுலயும் பதினேழு. நியூட்ரான் மட்டும் ஒண்ணுல ரெண்டு ஜாஸ்தி. அதனால ஒண்ணு முப்பத்தஞ்சு, இன்னொண்ணு முப்பத்தேழு. முப்பத்தஞ்சரைங்கறது சராசரி."

சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று தோன்றியது. எதிரே பெண் வீட்டார் வைத்திருந்த தட்டில் வெற்றிலையோடு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. சிறிதாக ஒன்றை எடுத்து, "இது முப்பத்தஞ்சு" என்று, கைக்கருகில் இருந்த, நாங்கள் கொண்டுபோன பூத்தட்டில் வைத்தேன். பெரிதாக இன்னொன்றை எடுத்து, "இது முப்பத்தேழு" என்று அதன் பக்கத்தில் வைத்தேன். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா..."

முப்பத்தாறு வந்தது.

தினமும் குளோரினோடு குடித்தனம் நடத்தியவனுக்கு எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. "முப்பத்தாறு," என்று முடித்தேன். எல்லோரும் பூத்தட்டையே பார்த்தார்கள். என் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அவர்கள் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டுத் தட்டிலிருந்து பழத்தை எடுத்து மாப்பிள்ளை தன் தட்டில் வைத்தால், பெண்ணைக் கேட்டுவிட்டான் என்று அர்த்தம். எடுத்ததைத் திருப்பி வைப்பது அந்த வீட்டையே அவமதிப்பது.

கோமதியின் அப்பா எழுந்து கைகூப்பினார். "ரொம்பச் சந்தோசமுங்க!"

"ஏண்டா, என்ன காரியம்டா செஞ்சுபோட்டே?" என்றார் மாமா.

"கெமிஸ்ட்ரிங்க மாமா."

"வெள்ளகோவிலுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்?"

"திருப்பி வெக்கச் சொல்லீராதீங்கண்ணா," என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதியின் அப்பா நல்ல மனிதர். எங்கள் முகங்களைப் பார்த்தார்; பிறகு மகளைப் பார்த்தார். "அவரு எடுத்தா மட்டும் ஆச்சுங்களா? புடிக்கலீன்னா நீ உள்ள போயிரு அம்மணி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் உள்ளே போக எல்லா நியாயமும் இருந்தது. குளோரினே தெரியாத ஒரு கெமிஸ்ட், கேட்காத பாடத்தை நின்றுகொண்டு தப்பாக நடத்தியிருக்கிறான். சமையற்கட்டின் கதவு அவளுக்கு நாலடி தூரம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கொலுசுச் சத்தத்தைக் கவனித்தேன். அது என் பக்கமாக வந்தது.

தன் வீட்டுத் தட்டிலிருந்து இரண்டு சிறிய எலுமிச்சம்பழங்களை எடுத்து, நான் வைத்த இரண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணுக்கு ஒண்ணுங்க," என்றாள். "முப்பத்தஞ்சு மூணு இருந்தா முப்பத்தேழு ஒண்ணுதான் இருக்கும். நீங்க பாதிக்குப் பாதி போட்டுட்டீங்க."

மாமா விரல்விட்டு எண்ணினார். மூன்று முப்பத்தைந்து நூற்றைந்து, முப்பத்தேழைச் சேர்த்தால் நூற்று நாற்பத்திரண்டு, நாலால் வகுத்தார். வெகுநேரம் ஆயிற்று.

"சரியாத்தான் வருது," என்றார், தோற்றுப்போன குரலில்.

புதன்கிழமை அவர் மட்டும் வெள்ளகோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் வேறு எதையும் பேசவுமில்லை. வைகாசியில் கல்யாணம்.

மாமனார் வீட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "முப்பத்தாறு வந்திருக்காரு, எலை போடு" என்பார்கள். பேரப்பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள்.

நீ அன்றைக்குச் சம்மதம் சொன்னாயா, கணக்கைத் திருத்தினாயா என்று கோமதியிடம் பல முறை கேட்டிருக்கிறேன். "தப்பப் பாத்துட்டு எப்படீங்க சும்மா உள்ள போறது?" என்பாள். கேட்ட தேதிகளையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பதில் இதுவரை மாறவில்லை.